ரிமோட்: தொலைவும் இல்லை, மூலமும் இல்லை

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளான கிட் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது, ‘தொலைநிலை மூலத்தை மாற்றுதல்’. ‘கிட் ரிமோட் செட்-யூஆர்எல்’ என்ற கட்டளைக்கு இப்படித் தமிழ் எழுதுகிறார்கள். மூன்று சொல்லில் இரண்டு தவறு.

ரிமோட் லத்தீன் வழி வந்த சொல். ‘அப்பால் நகர்த்தப்பட்டது’ என்பது வேர்ப்பொருள். ஆங்கிலத்தில் ‘எட்ட இருப்பது’ ஆயிற்று. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட்டில் அது இன்னும் குறுகி, வேறொரு களஞ்சியத்தின் (ஒரு பணியின் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் இடத்தின்) முகவரிக்கு நாம் இட்டுக்கொள்ளும் பெயராக நிற்கிறது. அந்தப் பெயரும் முகவரியும் நம் கணினியிலேயே, கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் இரண்டு மூன்று வரியாக இருக்கின்றன. அவ்வளவுதான் வரலாறு.

இதில் தொலைவு எங்கே வந்தது? அடுத்த அடைவில் இருக்கும் களஞ்சியத்தையும் ரிமோட்டாகச் சேர்க்கலாம். மேசையில் செருகியிருக்கும் பென்டிரைவையும் சேர்க்கலாம். கிட் தூரத்தைப் பார்ப்பதில்லை. ‘இது இந்தக் களஞ்சியம் அல்ல, வேறு’ என்பதை மட்டுமே பார்க்கிறது. தொலைநிலைக் கல்விக்கு அந்த அடைமொழி பொருந்தும், ஏனென்றால் அங்கே மாணவர் உண்மையிலேயே தள்ளி இருக்கிறார்.

‘மூலம்’ இதைவிட மோசம். நிரலாளருக்கு மூலம் என்றதும் மூலநிரல்தான் நினைவுக்கு வரும். திறமூலம் என்ற சொல்லே அப்படித்தானே வேரூன்றியது? ‘மூலத்தை மாற்று’ என்று படிக்கும் புதியவர் தன் நிரல் மாறிவிடும் என்று அஞ்சுவார். உண்மையில் இந்தக் கட்டளை ஒரு முகவரியை அழித்து இன்னொன்றை எழுதுகிறது. இணையம்கூட வேண்டாம். கமிட்டுகள் (பதிந்துவைத்த மாற்றங்கள்), கிளைகள், கோப்புகள் எதுவும் அசையாது. 2021 ஆகஸ்ட் 13-இல், களஞ்சியங்களை இணையத்தில் வைத்திருக்கும் தளமான கிட்ஹப், கட்டளைவழிக் கிட் வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தியபோது, பலர் எச்டிடிபிஎஸ் முகவரியை, கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக்கோப்பால் அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் முகவரியாக மாற்றியது இந்தக் கட்டளையால்தான். களஞ்சியம் அதே இடத்தில் இருந்தது. போகும் வழிதான் மாறியது. அதோடு, நாம் எழுதியதை அனுப்பிவைக்கும் இடமும் அந்த ரிமோட்தான். நம்மிடமிருந்து போய்ச் சேரும் இடத்தை மூலம் என்பது எப்படி? புதுக் களஞ்சியத்தை உண்டாக்கும் ‘கிட் இனிட்’ கட்டளையைப் போட்டு நம் கணினியில் தொடங்கிய பணிக்கு மூலம் நாம்தான்.

ரிமோட் என்றே எழுதிவிடலாம் என்பாரும் உண்டு. தமிழ் வீட்டில் ரிமோட் என்றால் டிவிக்கு உரியது. விளக்கம் தேவைப்படும் இடத்தில் அது விளக்காது.

என் பரிந்துரை ‘அயல்’. அயல்வீடு சுவருக்கு அந்தப் பக்கம். அயல்நாடு கடலுக்கு அப்பால். இரண்டுக்கும் ஒரே சொல் போதுமாக இருக்கிறது, ஏனென்றால் அயல் என்பது தூரத்தை அளக்காமல் ‘நம்முடையதல்லாத வேறு’ என்று காட்டுகிறது. கிட் சொல்வதும் அதைத்தான். ‘அயல் களஞ்சியத்தின் முகவரியை மாற்றுதல்’ என்று எழுதினால், எது மாறுகிறது, எது மாறவில்லை என்பது படித்தவுடன் விளங்கும். சேய்மை என்ற நல்ல தமிழ்ச் சொல்லை முன்வைப்போரின் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். ஆனாலும் அதுவும் தூரம்தான். தூய தமிழில் சொன்னாலும் தவறான பொருள் தவறான பொருளே.

மொழிபெயர்ப்போர் கட்டளையை ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். அகராதியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவதால்தான் ‘ஆரிஜின்’ என்பதையும் ‘தோற்றம்’ ஆக்குகிறார்கள். அது, வேறொரு களஞ்சியத்தை நகலெடுக்கும் ‘கிட் குளோன்’ கட்டளை அந்த ரிமோட்டுக்குத் தானாக இடும் பெயர்; விரும்பினால் வேறு பெயர் வைக்கலாம். நாம் அப்படி மாற்றி வைக்காத களஞ்சியத்தில், குறிப்பைப் பார்த்துக் கட்டளையிலும் ‘தோற்றம்’ என்று தட்டச்சு செய்பவருக்கு, அப்படியொரு ரிமோட்டே இல்லை என்ற பிழைச்செய்திதான் கிடைக்கும்.