கண்மாய்ப் பங்கும் டோக்கன் வாக்கும்

மேலூர்ப் பக்கத்தில் 30 ஏக்கர் ஆயக்கட்டுள்ள ஒரு கண்மாய் இருப்பதாகவும், அதன் பாசனத்தில் ஆறு பேருக்கு முறையே 9, 9, 7, 3, 1, 1 ஏக்கர் நஞ்சை இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மடையை முதலில் செப்பனிடுவதா, கலுங்கையா என்பதை ஏக்கருக்கு ஒரு வாக்கு என்ற முறையில் தீர்மானிக்கிறார்கள். 16 வாக்கு பெற்ற பக்கம் வெல்லும். மூன்று ஏக்கர்காரருக்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு செல்வாக்கு உண்டு என்றே எவரும் நினைப்பார்கள். கூட்டிப் பார்த்தால் வேறு விடை வருகிறது. முதல் மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் 16 கிடைத்துவிடும். கடைசி மூவரும் ஒன்றுகூடி ஓர் ஒன்பது ஏக்கர்காரரின் பக்கம் நின்றாலும் 14 வாக்குதான் சேரும். ஆகவே அந்த மூவரின் வாக்கு எந்தச் சூழ்நிலையிலும் முடிவை மாற்றாது.

கண்மாய் கற்பனையானது, எண்கள் உண்மையானவை. நியூயார்க் மாநிலத்தின் நாசாவ் கவுண்டி நிர்வாகக் குழுவில் 1958-இல் உறுப்பினர்களுக்கு இந்த எடைகளில்தான் வாக்கு வழங்கப்பட்டிருந்தது. இதனை ஆராய்ந்த ஜான் பான்சாஃப் என்ற சட்ட அறிஞர், ஒருவரிடம் எத்தனை வாக்கு உள்ளது என்பதும், அவர் மனம் மாறினால் முடிவு மாறுமா என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை 1965-இல் கணக்கிட்டுக் காட்டினார். பலருடைய கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பொதுப் பேரேடான பிளாக்செயினில் நடக்கும் வாக்கெடுப்புகளை ஆராய்பவர் முதலில் கையில் எடுக்க வேண்டிய கருவி இதுவே என்பது என் கருத்து.

ஏனெனில் அங்கும் வாக்கு ஆளுக்கு ஒன்றாக இல்லாமல் பங்குக்கு ஒன்றாகவே எண்ணப்படுகிறது. ஒரு திட்டத்தின் டோக்கனை, அதாவது அதில் வாக்குரிமை தரும் டிஜிட்டல் பங்கை, வைத்திருப்பவர்கள், அதன் விதிகளை மாற்றவோ பொதுநிதியைச் செலவிடவோ வரும் முன்மொழிவுகளுக்கு ஆதரவாகவோ எதிராகவோ வாக்களிக்கிறார்கள். செயினாலிசிஸ் நிறுவனம் 2022-இல் இத்தகைய பத்துப் பெரிய அமைப்புகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பலவற்றில் டோக்கன் வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களிடம் 90 விழுக்காடு வாக்கு வலிமை குவிந்திருந்தது.

ஒவ்வொரு வாக்கும் எந்த முகவரியிலிருந்து (பயனரின் டிஜிட்டல் கணக்கிலிருந்து), எப்போது, எந்த எடையில் விழுந்தது என்பது பேரேட்டில் அழியாமல் நிற்பதால், மதுரையில் ஒரு கல்லூரி மாணவர் தம் மடிக்கணினியில் முழுப் பட்டியலையும் எடுத்து ஆராய முடியும். ரகசிய வாக்கெடுப்பில் இதற்கு வழியே இல்லை. ஆனால் பட்டியலில் இருப்பதை மட்டும் வாசித்தால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். மௌனமாக இருந்தவர்களின் காரணங்களையும் வாசிக்க வேண்டும்.

யூனிஸ்வாப் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளத்தின் முதல் முன்மொழிவு இதற்குச் சிறந்த பாடம். அத்தளம் 2020 செப்டம்பரில் 100 கோடி டோக்கன்களை அறிவித்து, முன்பு தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு முகவரிக்கும் 400 டோக்கன்களை ஒதுக்கியது. ஒரு முன்மொழிவு நிறைவேற 4 கோடி ஆதரவு வாக்குகள் வேண்டும். இந்தக் குறைந்தபட்ச அளவைக் கோரம் (quorum) என்று கூறலாம். அந்தக் கோரத்தை 3 கோடியாகக் குறைக்க வேண்டும் என்று மறுமாதமே ஒரு முன்மொழிவு வந்தது. ஆதரவாக ஏறத்தாழ 3.96 கோடி வாக்குகளும், எதிராக ஏறத்தாழ 7 லட்சம் வாக்குகளும் பதிவாயின. ஆதரவு 98 விழுக்காடு. ஆயினும் சுமார் 4 லட்சம் வாக்குகள் குறைந்ததால் முன்மொழிவு தோற்றது.

இந்த 98 விழுக்காட்டை ஒருமித்த கருத்து என்று கொள்வது பெரும் பிழை. அந்த விதிப்படி கோரத்தில் ஆதரவு வாக்குகள் மட்டுமே எண்ணப்படும். ஆதரவு 4 கோடியை எட்டாதவரை, எதிர்ப்பவர் வாக்களித்தாலும் வாக்களிக்காவிட்டாலும் விளைவு ஒன்றே. அப்படியிருக்க, வாக்கைப் பேரேட்டில் பதிவதற்கான கட்டணத்தைச் செலுத்தி அவர் ஏன் வாக்களிக்க வேண்டும்? எனவே பதிவான எதிர்ப்பு, இருந்த எதிர்ப்பைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். மறுபுறம், 400 டோக்கன் பெற்ற சாதாரணப் பயனருடைய வாக்கு அந்தக் கோரத்தில் லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே. அவருடைய மௌனத்தைச் சோம்பல் என்று பழிப்பதைவிட, செலவையும் பயனையும் எடைபோட்ட முடிவு என்று கருதுவதே பொருத்தம்.

இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. இந்த வகை டோக்கனைக் கையில் வைத்திருப்பதால் மட்டும் வாக்கு பிறப்பதில்லை. தம் வாக்குரிமையைத் தமக்கோ ஒரு பேராளருக்கோ ஒப்படைப்பதாக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கண்மாய் நீரைப் பங்கிட்டுவிடும் பொறுப்பை ஊர் ஒரு நீர்ப்பாய்ச்சியிடம் ஒப்படைப்பதைப் போன்றது இது. ஒப்படைக்காத டோக்கனின் வாக்கு பூஜ்யம். ஆகவே வராதவர்களை ஒரே கூட்டமாக எண்ணாமல், வாக்குரிமையே உயிர்பெறாதவர்களையும், உயிர்பெற்றும் வாக்களிக்காதவர்களையும், பேராளரிடம் கொடுத்துவிட்டு மறந்தவர்களையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். பேராளர் தொடர்ந்து பல முன்மொழிவுகளுக்கு வராமல் இருந்தும் ஒப்படைப்பைத் திரும்பப் பெறாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது, அந்தச் சமூகத்தின் கவனத்தை அளக்க நல்ல வழி.

வாக்கு வலிமையை எந்தக் கணத்தில் கணக்கிடுவது என்பதும் நடத்தையை மாற்றும். யூனிஸ்வாப் போன்ற அமைப்புகள், வாக்கெடுப்பு தொடங்கும் நேரத்து இருப்பையே எடுத்துக்கொள்கின்றன. பிறகு வாங்கியது செல்லாது. பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ திட்டத்தில் அப்போது இந்தக் காப்பு இருக்கவில்லை. 2022 ஏப்ரல் 17 அன்று ஒருவர், ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கித் திருப்பிச் செலுத்தும் உடனடிக் கடனால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்கு வலிமையைத் திரட்டி, முந்தைய நாளே தாம் பதிந்துவைத்திருந்த முன்மொழிவை அந்த நொடியிலேயே நிறைவேற்றினார். திட்டத்துக்கு ஏறத்தாழ 18 கோடி டாலர் இழப்பு ஏற்பட்டது.

பங்கு வாங்கியவுடன் குரலும் கிடைத்துவிடலாமா என்ற கேள்வி பாண்டிய நாட்டுக்குப் புதிதன்று. திருநெல்வேலிக்கு வடக்கேயுள்ள மானூரில், மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் சபை விதிகளைப் பதிந்துவைத்தது. விலைக்கு வாங்கியோ, தானமாகவோ, சீதனமாகவோ பங்கு பெற்றவர், வேதத் தேர்வில் தேறிய பிறகே சபையில் பேச முடியும் என்கிறது அது. எல்லாவற்றுக்கும் ‘அன்று’ என்று மறுத்துக் காரியத்தைத் தடுப்பவருக்கு ஐந்து காசு தண்டமும் விதிக்கிறது. பிறப்பாலும் கல்வியாலும் பலரை விலக்கிய அந்தச் சபையை நான் முன்மாதிரியாகச் சொல்லவில்லை. உறுப்பினரின் நடத்தையை உற்றுநோக்கி விதி அமைத்த பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

இத்தனைக்கும் பிறகு மிகக் கடினமான சிக்கல் எஞ்சுகிறது: முகவரி என்பது ஆள் அன்று. ஒருவர் நூறு முகவரிகளைத் திறக்கலாம். ஒரு கிரிப்டோ சந்தையின் ஒரே முகவரியில் லட்சம் வாடிக்கையாளர்களின் இருப்பு இருக்கலாம். 2020 மார்ச்சில் ஸ்டீம் என்ற வலையமைப்பில், சந்தை நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் வைப்பையே வாக்காகச் செலுத்தி, வலையமைப்பை இயக்கும் நிர்வாகக் கணுக்களை மாற்றின. சினமுற்ற பயனர்கள் அம்மாதம் 20-ஆம் நாள் ஹைவ் என்ற தனி வலையமைப்பாகப் பிரிந்தனர். வாக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் கணுக்களை மாற்றிய அந்த வாக்கெடுப்பு பெரும் ஆதரவு அலையாகவே தோன்றியிருக்கும். வாக்களிப்பதற்கான கட்டணத் தொகையை ஒரே மூலத்திலிருந்து பெற்ற முகவரிகள், சில நொடி இடைவெளியில் ஒரே பக்கம் விழும் வாக்குகள், பல முன்மொழிவுகளிலும் பிரியாமல் சேர்ந்தே நிற்கும் இணைகள் ஆகியவற்றைத் தேடி முகவரிகளைத் தொகுத்தபின், பான்சாஃப் கணக்கை முகவரிகளுக்குப் போடாமல் அந்தத் தொகுப்புகளுக்குப் போட வேண்டும். அப்போது நூற்றுக்கணக்கான வாக்காளர்களைக் கொண்டதாகத் தோன்றிய ஒரு பட்டியல், 9, 9, 7 என்று மூன்று வரிகளாகச் சுருங்கிவிடவும் கூடும்.