குடலிலிருந்து மூளைக்குப் போகும் செய்தி

வன்னியில் எருமைப்பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, முதல்நாள் தயிரில் ஒரு கரண்டி உறை விட்டு மூடிவைப்பவர்களுக்கு, கொஞ்சப் பற்றீரியா ஓர் இரவுக்குள் ஒரு சட்டிப் பாலின் குணத்தையே மாற்றிவிடும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நமது உடலிலோ அவை ஏறத்தாழ 38 இலட்சம் கோடி உள்ளதாக 2016ஆம் ஆண்டின் கணிப்பொன்று கூறுகிறது. மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. அவை உண்பது, சிறுகுடலில் சமிபாடடையாமல் கீழிறங்கும் நார்ப்பொருளை.

சிவப்பரிசியின் தவிட்டிலும் குரக்கனிலும் பயற்றிலும் அந்த நார் உண்டு. சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி நமது நொதியங்களால் உடைக்க முடியாதபடி இறுகுவதால், பழஞ்சோற்றிலும் பற்றீரியாவுக்குரிய பங்கு இருக்கிறது. இவற்றைப் பற்றீரியா நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களுள் ஒன்றான பியூற்றிரிக்கமிலமே பெருங்குடற் சுவரின் கலங்களுக்கு முதன்மையான எரிபொருள். அந்தச் சுவர் தளர்ந்தால் பற்றீரியாவின் சிதைவுகள் குருதியில் கலந்து, நோயெதிர்ப்புக் கலங்களைத் தூண்டி, மூளையை எட்டும் அழற்சிச் சைகைகளை வெளிவிடச் செய்யும். காய்ச்சல் கண்டவர் பசியிழந்து, எதிலும் மனம் ஒன்றாமல், ஒருவர் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் சுருண்டு படுப்பதும் இதே வகைச் சைகைகளால்தான். அவை குறைந்த அளவில் நெடுநாள் நீடித்தால் மனச்சோர்வுக்கு வழிவிடலாம் என்று கருதப்படுகிறது.

இன்னொரு பாதை, மூளையையும் வயிற்றுறுப்புகளையும் இணைக்கும் வேகசு நரம்பு. அதன் இழைகளில் ஏறத்தாழ 80 வீதமானவை உடலுறுப்புகளிலிருந்து மூளைக்கே செய்தி கொண்டுசெல்கின்றன. 2011இல் அயர்லாந்தின் கோர்க் நகர ஆய்வாளர்கள் லக்ரோபசிலஸ் ரம்னோசஸ் என்னும் பற்றீரியாவின் வகையொன்றைச் சுண்டெலிகளுக்கு ஊட்டியபோது அவற்றின் பதற்றம் குறைந்தது. இந்த நரம்பு வெட்டப்பட்ட எலிகளில் அந்த மாற்றம் தோன்றவில்லை.

மனநிலையோடு தொடர்புடைய இரசாயனமான செரொற்றோனினில், உடலிலுள்ளதன் 90 வீதம் குடலில் இருப்பதால் தயிர் உண்டால் மகிழ்ச்சி பெருகும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முற்பாதி பெரும்பாலும் சரி. ஆனால் குடலின் செரொற்றோனின் குருதி வழியாக மூளைக்குள் நுழைவதில்லை, மூளை தனக்குரியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது.

நெருக்கடியைத் தாங்கும் திறனைப் பற்றி எனக்கு முக்கியமாகப் படுவது 2004இல் ஜப்பானின் கியூசூ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு. நுண்ணுயிரே அண்டாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளை அசையவிடாமல் அடைத்தபோது, சாதாரண எலிகளை விட அவற்றில் நெருக்கடி ஓமோன்கள் மிகுதியாகச் சுரந்தன. சாதாரண எலிகளின் குடற் பற்றீரியாவை இளம் பருவத்திலேயே சேர்த்தபோது அந்த மிகை குறைந்தது. பிந்திச் சேர்த்தபோது குறையவில்லை.

எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்பதில்லை. கோர்க்கில் பயன்பட்ட அதே பற்றீரியாவை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்த ஆய்வு 2017இல் வெளியானது. அதில் பலன் தெரியவில்லை. 1,054 பேரை ஆராய்ந்து 2019இல் வெளியான பெல்ஜிய ஆய்வு, மனச்சோர்வுள்ளவர்களின் குடலில் கொப்ரோகொக்கஸ், டயலிஸ்ரர் ஆகிய பற்றீரியா வகைகள் குறைவாக இருந்ததைக் கண்டது. ஆனால் சோர்ந்தவர் சரியாக உண்பதுமில்லை. எனவே எது முந்தியது என்பதை அந்தக் கணக்கு மட்டும் தீர்த்துவைக்காது. 2009இல் போரில் பிள்ளையை இழந்த ஒரு தாய்க்குத் தயிரைப் பரிந்துரைப்பவரிடம் எனக்குக் கோபமே வரும்.

தயிரிலுள்ள பற்றீரியா பெரும்பாலும் குடலில் நிலையாகக் குடியேறுவதுமில்லை. பாலுக்குள் விட்ட உறைக்குப் போட்டியாக யாருமில்லை. குடலிலோ இடமும் இரையும் முன்பே பிடிபட்டிருப்பதால், புதிதாக வந்தவை சில நாட்களில் வெளியேறிவிடும். அங்கேயே வாழ்பவற்றின் அளவை, நாளாந்தம் கீழிறங்கி வரும் நார் சில நாட்களுக்குள்ளேயே மாற்றத் தொடங்கும்.