உவர்விரும்பி: ‘ஹலோஃபைல்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்

கோடையில் மட்டக்களப்பு வாவி நீர் குறைந்து பின்வாங்கிய கரைகளில், வெடித்த சேற்றின்மேல் வெள்ளைப் பொருக்குப் படியும். அதை ‘உவர் பூத்திருக்கு’ என்கிறோம். இத்தகைய உவர்மண்ணிலும் உப்பேரிகளிலும் வாழ்ந்து, வளர்வதற்கு உப்பையே வேண்டி நிற்கும் நுண்ணங்கிகளை அறிவியலாளர் ‘ஹலோஃபைல்’ என்பர். கிரேக்க மொழியில் ‘ஹல்ஸ்’ என்பது உப்பு; ‘ஃபிலோஸ்’ என்பது அன்புடையது. பாடசாலை இரசாயனத்தில் நாம் படித்த ‘அலசன்’ (ஹலோஜன்) என்ற சொல்லுக்குள் ஒலி மாறி நிற்பதும் அதே ‘ஹல்ஸ்’தான்.

இதனை உப்புநாடி, களர்வாழி, உவர்விரும்பி எனப் பலவாறு ஆக்கலாம். ‘உப்பு’ என்றதும் அடுக்களை உப்பே நினைவில் எழும். ‘உவர்’ என்பதோ சுவை, மண், நீர் மூன்றையும் ஒருங்கே சுட்டும். ‘நாடி’ கைநாடியோடு மயங்கும். ‘களர்’ என்ற சொல்லில், 406ஆம் குறள் ‘பயவாக் களர்’ என்பதுபோல, பயனின்மை ஏறிவிட்டது. உயிர் செறிந்த மண்ணைப் பேசும்போது அது பொருந்தாது. ஆகவே உவர்விரும்பி என்பதே என் தேர்வு.

ஆனால் உவரில் காணப்படும் எல்லாமே உவர்விரும்பிகள் அல்ல. உப்பைப் பொறுத்துக்கொண்டு, அது இல்லாவிடினும் வளர்பவற்றை ‘உவர்தாங்கி’ எனப் பிரித்துச் சொல்லவேண்டும். உப்பளங்களைச் செந்நிறமாக்கும் ஹலோபக்டீரியம் பெயரில் பக்டீரியமாயினும் (பற்றீரியா), அவற்றிலிருந்து வேறான ஒற்றைக்கல நுண்ணங்கிகளாகிய ஆர்க்கியா வகையைச் சேர்ந்தது. வெளியுப்பு தன் நீரை உறிஞ்சிவிடாதபடி கலத்தினுள் பொற்றாசியத்தை நிறைத்து வைத்திருக்கும் அது, நன்னீரில் இட்டால் கலம் சிதைந்து இறந்துவிடும். மாறாக, உப்பில் வாழும் பல பற்றீரியாக்கள் எக்டோயின் போன்ற சிறு சேதனச் சேர்வைகளைத் திரட்டி அதே நெருக்கடியைச் சமாளிக்கின்றன.

உலகின் பலவகை வாழிடங்களை ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வொன்று, எங்கே எந்தப் பற்றீரியாக்கள் வாழும் என்பதைத் தீர்மானிப்பதில் வெப்பநிலையையும் அமிலத்தன்மையையும்விட உவர்த்தன்மையே முதன்மையானது எனக் கண்டது. உப்பேரிக் கரையின் சிறிய நிலப்பரப்பிலேயே, நீர்விளிம்பிலிருந்து மேட்டுக்குப் போகப் போக, மண்வாழ் உயிர்க்கூட்டம் மாறுவது இதனால்தான். கோடையில் உவர் பூத்து மாரி வெள்ளத்தில் கழுவப்படும் நம் வாவியோர மண்ணில், இரு நிலைக்கும் ஈடுகொடுக்கும் உவர்தாங்கிகளுக்கே வாய்ப்பு மிகுதி எனக் கருதுகிறேன். அவற்றையும் உவர்விரும்பி என்றே எழுதினால், மழைக்குப் பின்னும் அவை அங்கே பிழைத்திருப்பது எப்படி என்ற கேள்வியே எழாமல் போய்விடும்.