ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் சருகு: புல்தரைத் தெளிப்பானில் என்ன கோளாறு?

புல்தரையில் ஓரிடம் காய்ந்து போனால் பலரும் உடனே டைமரில் நேரத்தைக் கூட்டிவிடுகிறார்கள். காய்ந்த இடம் கொஞ்சம் தேறும். ஏற்கெனவே நனைந்த இடமோ சொதசொதத்து வேர் அழுகும். தண்ணீர் விழும் விதத்தைச் சரிசெய்யாதவரை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் இந்த ஏற்றத்தாழ்வு தீராது.

முதலில் அளந்துவிடுங்கள். நேரான பக்கங்கள் உள்ள, ஒரே அளவு டப்பாக்கள் 16 போதும். ஒரு வால்வில் ஓடும் பகுதி முழுக்க அவற்றைச் சம இடைவெளியில் வைத்து, காற்று அடிக்காத நேரத்தில் 15 நிமிடம் ஓட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிமீட்டர் தேங்கியது என்று குறியுங்கள். மிகக் குறைவாக நிரம்பிய 4 டப்பாக்களின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுக்க வேண்டும். 4 மி.மீ., 8 மி.மீ. என்றால் விடை 0.5. அதாவது காய்ந்த மூலைக்குத் தேவையானதைக் கொடுக்க, தரை முழுவதற்கும் இருமடங்கு நீரைக் கொட்டுகிறீர்கள். 0.7-ஐத் தாண்டினால் நல்ல நிலை.

சீரின்மைக்கு முதல் காரணம் பெரும்பாலும் அழுத்தம். நிலையாகப் பீய்ச்சும் தெளிப்பானுக்குச் சுமார் 2 பார் (அழுத்தத்தின் அலகு), சுழலும் தெளிப்பானுக்குச் சுமார் 3 பார் வேண்டும். கூடினால் நீர் புகைபோல நுண்துளிகளாகிக் காற்றோடு போய்விடும். வால்வின் ஓட்டத்தைக் குறைக்கலாம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தெளிப்பானையே பொருத்தினால் இன்னும் நல்லது. குறைந்தால் தாரை சிதறாமல் தொலைவில் ஒரு வளையமாக விழும், நடுவே காயும். அப்போது கசிவு, பாதி திறந்த வால்வு, ஒரே வால்வில் அளவுக்கு மீறிய தெளிப்பான்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். உடைந்த ஒரே தெளிப்பான்கூட அந்த வரிசை முழுவதன் அழுத்தத்தையும் குடித்துவிடும். அதை மாற்றும் முன் மற்றவற்றைத் திருகிக்கொண்டிருப்பது வீண் வேலை.

ஒரு தெளிப்பான் மட்டும் கோணலாகப் பீய்ச்சினால், நீர் வெளிவரும் முனையான நாசிலில் அடைப்பு. நாசிலைக் கழற்றி, அதன் கீழுள்ள சல்லடையை ஓடும் நீரில் கழுவுங்கள். துளையைக் கம்பியால் குத்தவே கூடாது: சிறு கீறல் விழுந்தாலும் விசிறி வடிவம் கெடும். மாட்டும் முன் நாசில் இல்லாமல் சில விநாடி நீரைத் திறந்துவிட்டால் குழாயில் தங்கிய மண் வெளியேறும். மண்ணில் புதைந்தோ சாய்ந்தோ போன தெளிப்பானைச் சுற்றித் தோண்டி, மூடி தரைமட்டத்தில் வரும்படி நிமிர்த்தி, மண்ணை இறுக்கிவிடுங்கள்.

இடைவெளியிலும் தவறு நடக்கும். வட்டத்தின் பரப்பில் முக்கால் பங்கு, ஆரத்தின் வெளிப்பாதியில் இருக்கிறது. விளிம்பை நெருங்கும்போது நீர் மெலிகிறது. ஆகவே ஒன்றின் வீச்சு அடுத்ததன் தலையைத் தொட வேண்டும்: 4 மீட்டர் வீசினால் 4 மீட்டருக்கு ஒன்று. நிலையான வகை மணிக்குச் சுமார் 40 மி.மீ. பொழியும், சுழலும் வகை சுமார் 12 மி.மீ.தான். இரண்டையும் ஒரே வால்வில் கலந்தால் சீர்மை கிடைக்கவே கிடைக்காது. சுழலும் வகையில் இன்னொன்று: கால்வட்டம், அரைவட்டம், முழுவட்டம் சுற்றுபவற்றுக்கு நாசில் ஓட்டம் 1:2:4 என்று இருக்க வேண்டும். ஒரே நாசிலைப் போட்டால் மூலையில் நாலு மடங்கு நீர் விழும்.

நிறுத்திய பிறகும் சொட்டுகிறதா? தாழ்வான தெளிப்பானில் சில நிமிடம் ஒழுகி நின்றால் குழாயில் மிஞ்சிய நீர் வடிகிறது. மிஞ்சிய நீர் வடியாமல் தடுக்கும் திரும்பு தடை வால்வு (check valve) உள்ள தெளிப்பானை அங்கே பொருத்தினால் போதும். நிற்காமல் ஒழுகினால் வால்வின் உள்ளே நீரைத் திறந்து மூடும் ரப்பர் சவ்வான டயாபிரத்தில் மணல் சிக்கியிருக்கலாம். மெயின் குழாயை மூடி, வால்வின் மேல்மூடியைக் கழற்றி, டயாபிரத்தைக் கழுவுங்கள், கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் டப்பாக்களை மறுபடி வையுங்கள். 15 நிமிடத்தில் சராசரி 8 மி.மீ. என்றால், 12 மி.மீ. நீருக்கு 22 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். களிமண் அவ்வளவு வேகமாக உறிஞ்சாது, நீர் வழிந்தோடும். ஒரு மணி நேர இடைவெளி விட்டு 7 அல்லது 8 நிமிடமாக மூன்று முறை, அதிகாலையில், ஓட்டுங்கள்.