கிளீனர் போட்ட பிறகு ரீஸ்டோர் ஏன் ஆவதில்லை?

போன மாதம் ஒரு நாள் காலை, கடை ஷட்டரை ஏற்றி முடிப்பதற்குள் ஒரு அக்கா சிபியூவைக் கட்டைப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே டிடிபி சென்டர் நடத்துபவர். பத்திரம் டைப் அடிப்பது, வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிப்பது என்று காலை முதல் மாலை வரை ஆள் நிற்கும் கடை அது.

“தம்பி, நேத்து சாயங்காலம் கிளீன் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டேன். ராத்திரி பத்திரம் அடிக்க உட்கார்ந்தா தமிழ் டைப் ஆகல. சரின்னு சிஸ்டம் ரீஸ்டோர் கொடுத்தேன், ஃபெயில்னு வந்துச்சு. மறுபடியும் கொடுத்தேன், மறுபடியும் ஃபெயில். மூணாவது தடவை அரை மணி நேரமா சுத்திக்கிட்டே இருந்துச்சு. சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன். இப்ப விண்டோஸே வரல. பதினோரு மணிக்கு ஒரு கிரயப் பத்திரம் பதிவு இருக்கு.”

கணினி பழுது பார்க்கும் வேலையில் இருக்கும் எனக்கு இது புதிய கதை இல்லை. கிளீனர் ஓட்டினேன், ஏதோ கெட்டது, ரீஸ்டோர் போட்டேன், அதுவும் நின்றுவிட்டது என்று வருகிறவர்கள் அடிக்கடி உண்டு. எல்லோரும் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: “ஆபத்துக்கு உதவத்தானே ரீஸ்டோர் இருக்கு, அது ஏன் வேலை செய்யல?” அதற்கான பதிலைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். உடைத்தவனும் அந்தக் கிளீனர்தான், திரும்பி வரும் வழியை அடைத்தவனும் பெரும்பாலும் அதேதான்.

சிஸ்டம் ரீஸ்டோர் என்பது விண்டோஸை முன்பிருந்த ஒரு நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வசதி. 2000-ஆம் ஆண்டு விண்டோஸ் எம்ஈ-யில் வந்தது. இப்போதைய விண்டோஸில் அது வால்யூம் ஷேடோ காப்பி என்ற சேவையை நம்பி நடக்கிறது. நிழல் நகல் என்று சொல்லலாம். திரும்பிப் போவதற்கென்று குறித்து வைக்கும் நிலைக்கு ரீஸ்டோர் பாயிண்ட் என்று பெயர். அது உருவான பிறகு டிஸ்கில் ஒரு பகுதி மாறப்போகிறது என்றால், மாறுவதற்கு முன் அங்கே இருந்த பழைய தகவலை விண்டோஸ் எடுத்து ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளும். சி டிரைவில் நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ ஃபோல்டர்தான் அந்த ஓரம். திரும்பிப் போகச் சொன்னால் அதிலிருந்து ரிஜிஸ்ட்ரி (விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு), டிரைவர்கள், சிஸ்டம் ஃபைல்கள், நிறுவிய மென்பொருள்கள் ஆகியவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நீங்கள் டைப் செய்த ஆவணங்களையும் படங்களையும் தொடாது. அழிந்துபோன பத்திரத்தை அது மீட்டுத் தராது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

இந்த நிழல் நகல்கள் பல ஜிபி இடம் பிடிக்கும். இடத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி விற்கப்படும் ஒரு மென்பொருளின் கண்ணில் அது என்னவாகப் படும் என்று நினைத்துப் பாருங்கள். பல கிளீனர்களில் பழைய ரீஸ்டோர் பாயிண்டுகளை நீக்குவதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. வெளி மென்பொருளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விண்டோஸோடு வரும் டிஸ்க் கிளீனப்பிலேயே, சிஸ்டம் ஃபைல்களைச் சுத்தம் செய்யச் சொன்னால், ‘மோர் ஆப்ஷன்ஸ்’ என்ற இரண்டாவது பக்கம் வரும். அங்கே ஒரே சொடுக்கில் கடைசிப் பாயிண்டைத் தவிர மற்ற எல்லாம் போய்விடும். ‘முந்தைய விண்டோஸ் பதிப்பு’ என்று ஒன்று பட்டியலில் தெரிந்தால் அதுவும் குப்பை இல்லை. பெரிய அப்டேட் சரிப்பட்டு வராவிட்டால் பழையதற்குத் திரும்ப உதவுவது அதுதான். சாதாரணமாக 10 நாளில் விண்டோஸே அதை நீக்கிவிடும், நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

பாயிண்ட் இருந்தாலும் ரீஸ்டோர் தோற்கும். ‘ஆப்டிமைஸ்’ செய்கிறேன் என்று சில மென்பொருள்கள் பின்னணிச் சேவைகளை நிறுத்தி வைக்கும். நிழல் நகல் சேவை எப்போதும் ஓடாது, தேவைப்படும்போது மட்டும் எழுந்து வேலை செய்யும். அதன் அமைப்பு ‘மேனுவல்’ என்று இருப்பது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு “இது சும்மா கிடக்கிறது” என்று ‘டிசேபிள்’ செய்துவிட்டால், ரீஸ்டோர் பக்கம் திறப்பதே சந்தேகம்தான். இப்படி வந்த கணினிகளில் சர்வீஸஸ் பட்டியலைத் திறந்து, வால்யூம் ஷேடோ காப்பி, மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர் ஷேடோ காப்பி புரொவைடர் இரண்டையும் மேனுவலுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்ததும் சரியானவை உண்டு. அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

அக்காவின் கணினிக்கு வருவோம். முதல் இரண்டு தடவையும் திரையில் 80070005 என்று முடியும் பிழை எண் வந்ததை அவர் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். நல்ல பழக்கம், எங்கள் வேலையில் பாதி அதில் முடிந்துவிடும். அனுமதி மறுக்கப்பட்டது என்பது அந்த எண்ணின் பொருள். ரீஸ்டோர் ஒரு ஃபைலை மாற்றப் போகும்போது வேறு ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அநேகமாக ஆன்டிவைரஸ். அதுவரைக்கும் பெரிய சேதம் இல்லை. மூன்றாவது தடவைதான் விபத்து. ரிஜிஸ்ட்ரியை மீட்கிறேன் என்று திரையில் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தியதால், பாதி பழையது பாதி புதியது என்று அது நடுவழியில் நின்றுவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்கில் அந்தக் கட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போவதைக்கூடப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும் வரை சுவிட்சில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு அதிகம் வருத்தமாக இருந்தது. தமிழ் டைப் ஆகாமல் போனதற்குக் காரணம், அந்த விசைப்பலகை மென்பொருள் கணினியோடு தானாகத் தொடங்குவதற்கான ரிஜிஸ்ட்ரிப் பதிவைக் கிளீனர் நீக்கியிருந்தது, அவ்வளவுதான். விசைப்பலகையை மறுபடி நிறுவியிருந்தால் ஐந்து நிமிட வேலை. அதுகூட வேண்டாம், கிளீனருக்குள்ளேயே நீக்கியதைத் திரும்பக் கொண்டுவரும் வசதி இருந்தது. ஓரளவு ஒழுங்கான ரிஜிஸ்ட்ரி கிளீனர்கள் நீக்குவதற்கு முன் ஒரு காப்பு ஃபைலைச் சேமிக்கும். ஒன்று கெட்டால் முதலில் அதைத் தேடுங்கள். அப்புறம் கெட்ட மென்பொருளை மட்டும் மறுபடி நிறுவிப் பாருங்கள். ரீஸ்டோர் அதற்கும் அப்புறம்தான்.

மணி அப்போது ஒன்பதரை. விண்டோஸைச் சரி செய்வதை விட்டுவிட்டு ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி கேபிள் வழியாக என் கணினியில் மாட்டி, டெஸ்க்டாப்பிலும் டாக்குமெண்ட்ஸிலும் இருந்த பத்திரங்களை எல்லாம் நகலெடுத்தேன். கிரயப் பத்திரத்தை என் கடையிலேயே திருத்தி அச்செடுத்துக்கொண்டு அவர் பதிவுக்குப் போய்விட்டார். எந்தக் கணினி வந்தாலும் என் முதல் வேலை இதுதான். விண்டோஸை இன்னொரு முறை போட்டுக்கொள்ளலாம். ஆவணத்தை அப்படி வாங்க முடியாது. வீட்டில் செய்வதானால், இன்னொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி ஃபைல்களை வெளி டிஸ்குக்கு எடுக்கலாம். கிளீனர் உங்கள் ஃபைலையே அழித்துவிட்டது என்றால், அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். மீட்பு மென்பொருளைக்கூட அதில் நிறுவக் கூடாது. ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை வேறு டிஸ்கிலிருந்து ஓட்டுங்கள். எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. அழித்த இடங்களை டிரிம் என்ற கட்டளை சீக்கிரமே காலி செய்துவிடும்.

நகலெடுத்து முடித்த பிறகு டிஸ்கைத் திரும்ப மாட்டி, விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினேன். ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ வழியாக உள்ளே போனால் அங்கேயும் சிஸ்டம் ரீஸ்டோர் இருக்கும். வெளியிலிருந்து செய்வதில் ஒரு பெரிய நன்மை, ஆன்டிவைரஸ் ஓடாது, யாரும் ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். முதலில் டிஸ்கில் பிழை இருக்கிறதா என்று பார்த்துத் திருத்தும் செக் டிஸ்க் ஓட்டினேன், திடீரென்று மின்சாரம் போன டிஸ்கில் அது கட்டாயம். ஒரு எச்சரிக்கை: இந்த மீட்புச் சூழலில் உங்கள் சி டிரைவ் டி என்றோ ஈ என்றோ தெரியலாம். கட்டளை கொடுப்பதற்கு முன் உள்ளே விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளீனர் மிச்சம் வைத்த ஒரே ஒரு பாயிண்ட், நான்கு நாளுக்கு முன் அப்டேட்டின்போது உருவானது, இருந்தது. ஐம்பது நிமிடம் ஓடி முடிந்தது. விண்டோஸ் வந்தது, தமிழும் வந்தது.

அந்த ஒரு பாயிண்டும் இல்லாமல் இருந்திருந்தால்? கெட்ட சிஸ்டம் ஃபைல்களைச் சரிசெய்ய விண்டோஸோடு வரும் கருவிகளான சிஸ்டம் ஃபைல் செக்கரும் டிஸ்மும் அடுத்த படி. விண்டோஸ் உள்ளே போக முடிகிறது என்றால் டிஸ்மை முதலில் ஓட்டுங்கள். ஃபைல் செக்கர் நல்ல பிரதியை எடுக்கும் கிடங்கையே அது சரிசெய்கிறது. கிடங்கு கெட்டிருக்கும்போது செக்கரை மட்டும் பத்து முறை ஓட்டிப் பயனில்லை. ‘ரீசெட் திஸ் பிசி’ தோற்பதற்கும் சில சமயம் இதே காரணம்தான். விண்டோஸ் 10-லிருந்து ரீசெட், கணினியில் இருக்கும் ஃபைல்களைக் கொண்டே விண்டோஸைத் திரும்பக் கட்டுகிறது. அவை கெட்டிருந்தால் 2020-இல் வந்த ‘கிளவுட் டவுன்லோட்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். நல்ல இணைய இணைப்பு வேண்டும், 4 ஜிபிக்கு மேல்கூட இறங்கும். ‘என் ஃபைல்களை வைத்துக்கொள்’ என்று சொன்னாலும் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும்.

பழைய வீடியோக்களில் வரும் ஒரு வைத்தியத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ரெக்பேக் என்ற ஃபோல்டரிலிருந்து ரிஜிஸ்ட்ரியின் காப்பு நகலை எடுத்து மேலே போடச் சொல்வார்கள். விண்டோஸ் 7 காலத்தில் அது எங்களுக்குக் கைகண்ட மருந்து. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து, இடத்தை மிச்சப்படுத்த, மைக்ரோசாஃப்ட் அந்தத் தானியங்கிக் காப்பை நிறுத்திவிட்டது. ஃபோல்டர் இருக்கும், உள்ளே ஃபைல்களும் இருக்கும், அளவு 0 கேபி. அந்த வெற்று ஃபைலை உண்மையான ரிஜிஸ்ட்ரி மேல் நகலெடுத்தால் மிச்சமிருந்த உயிரும் போய்விடும்.

மீட்புச் சூழலுக்குள் போனதும் 48 இலக்கச் சாவி கேட்டால் பயப்பட வேண்டாம், விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதியான பிட்லாக்கரால் டிரைவ் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததுமே இது தானாக இயங்கிவிடும், உரிமையாளருக்கே தெரியாது. சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

சரி, அக்கா ஏன் கிளீனர் போட்டார்? கணினி மெதுவாக இருந்தது. பிரவுசரில் ஒரு விளம்பரம் வந்து ஆயிரத்துக்கு மேல் பிழைகள் இருப்பதாகச் சிவப்பில் காட்டியது. ஒவ்வொரு குக்கியையும், ரிஜிஸ்ட்ரியில் இருக்கும் ஒவ்வொரு காலிப் பதிவையும் ஒரு பிழையாக எண்ணினால் அவ்வளவு வரத்தான் செய்யும். புதிதாக வாங்கிய கணினியிலும் வரும். ரிஜிஸ்ட்ரியில் லட்சக்கணக்கான பதிவுகள் உண்டு, ஆயிரத்தை நீக்கினால் வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வராது. ரிஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் தன் கொள்கையாகவே அறிவித்திருக்கிறது. இவ்வளவு அதிகாரத்தோடு ஓடும் மென்பொருளை உள்ளே விடுவதில் வேறு ஆபத்தும் இருக்கிறது. 2017-இல் சிகிளீனர் என்ற பிரபலமான கிளீனரின் 5.33 பதிப்புக்குள் விஷமிகள் நச்சுநிரலைப் புகுத்தினார்கள். அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்தே இறக்கியவர்கள் உட்பட சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அது நிறுவப்பட்டிருந்தது.

அக்காவின் கணினி மெதுவாக இருந்ததற்கு உண்மையான காரணம், ஏழெட்டு வருடம் ஓடிய ஹார்ட் டிஸ்கும் 4 ஜிபி ராமும். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, ராமை 8 ஆக்கினேன். இடம் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய்ச் சுத்தம் செய்யச் சொல்லிக் காட்டினேன். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்று இருப்பதில் டிக் இருக்கிறதா என்று பார்க்கவும் சொன்னேன். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார் நகல் எல்லாம் அதில்தான் கிடக்கும்.

கடைசியாக அவர் கண் முன்னாலேயே, ரீஸ்டோர் பாயிண்டுகளை உருவாக்கும் சிஸ்டம் புரொடெக்ஷனை இயக்கினேன். விண்டோஸ் 10, 11 நிறுவிய பல கணினிகளில் அது இயக்கப்படாமலே இருக்கும், ரீஸ்டோர் தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். தேடல் பெட்டியில் ரீஸ்டோர் பாயிண்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் அந்தப் பக்கம் வரும். சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர் என்பதைத் திறந்து, இயக்கி, 5 சதவீதம் இடம் கொடுத்தேன். 256 ஜிபியில் அது ஏறத்தாழ 12 ஜிபி. பக்கத்திலேயே இருக்கும் ‘கிரியேட்’ பட்டனை அவரையே அழுத்தச் சொன்னேன். பெயர் கேட்டது. “என்ன பேர் வைக்கட்டும் தம்பி?” என்றார். தேதியை அடிக்கச் சொன்னேன்.

விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் ஒன்றும் செய்து கொடுத்தேன். 8 ஜிபி போதும். மேசை டிராயரில் வைத்திருக்கிறார். பத்திரங்கள் தினமும் கடை பூட்டும் முன் ஒரு வெளி ஹார்ட் டிஸ்குக்குப் போகின்றன. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது கேட்டேன், அன்றைய நகலையும் எடுத்து முடித்திருந்தார்.