சுரங்கத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேளுங்கள்

என்னிடம் வரும் பழைய சுரங்கத் தொழிலாளிகள் என்னை 'டாக்' என்று கூப்பிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பாட்டிகளுக்கு நான் 'ஹனி'. என் கிளினிக் இருப்பது மேற்கு வெர்ஜீனியாவின் தென்கோடியில், மெக்டவல் கவுண்டியை ஒட்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. பயிற்சிக்காக ஜே-1 விசாவில் அமெரிக்கா வரும் மருத்துவர் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் தாய்நாட்டுக்குத் திரும்ப வேண்டும். டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தால் அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 பேர். இந்த மலை இடுக்குகளில் நம்மவர்களைப் பார்க்க முடிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நானும் அப்படி வந்தவன்தான். மூன்று வருடம் எப்போதோ முடிந்துவிட்டது.

அடுத்து வரப்போகிற தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் ஊரைப் பற்றிக் கொஞ்சம்.

1950-இல் மெக்டவலின் மக்கள்தொகை 98,887. 2020 கணக்கெடுப்பில் 19,111. இதில் மலைமேல் இருக்கும் மத்திய அரசுச் சிறையின் கைதிகளும் சேர்த்தி, ஏனென்றால் கைதிகளைச் சிறை இருக்கும் ஊரின் கணக்கில்தான் எழுதுவார்கள். கவுண்டியின் தலைநகரான வெல்ச்சில் ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடமே இன்று சிறையாக நடக்கிறது. ஆஸ்பத்திரி சிறையான ஊர் என்று சொன்னால் பாதிக் கதை புரிந்துவிடும்.

மீதிக் கதை நிலக்கரி. 1880-களில் ரயில் வந்தது, கூடவே போகஹான்டஸ் படிவத்தின் கரியும் வெளியே போனது. இரும்பு உருக்க எரிக்கும் கோக் என்ற எரிபொருளைத் தயாரிக்க இதைவிட நல்ல கரி கிடையாது என்பார்கள். தெற்கிலிருந்து கறுப்பின மக்களும், கடல் தாண்டி இத்தாலியரும் ஹங்கேரியரும் வேலை தேடி இங்கே வந்தார்கள். வீடு, கடை, பள்ளி, தண்ணீர்க் குழாய் எல்லாம் கம்பெனி போட்டுக் கொடுத்தது. இயந்திரம் வந்ததும் ஆள் குறைந்தது. 1986-இல் கேரி ஊரில் யு.எஸ். ஸ்டீல் தன் சுரங்கங்களை மூடியது. கம்பெனி போய்விட்டது, குழாய் மட்டும் மண்ணுக்குள் கிடக்கிறது. அதில் வரும் பழுப்புத் தண்ணீரை நம்பாதவர்கள் சாலையோர ஊற்றில் பிளாஸ்டிக் கேன் பிடிக்கிறார்கள். நம்பாத இன்னும் சிலர் சோடா குடிக்கிறார்கள். சர்க்கரை நோயாளியிடம் 'சோடாவை நிறுத்துங்கள்' என்று சொல்லும் முன் அவர் வீட்டுக் குழாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

குடும்ப வருமானம் நாட்டின் நடுத்தர அளவில் பாதிகூட இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. புதிய உணவு உதவித் திட்டத்தின் முதல் கூப்பன்கள் 1961 மே மாதம் கொடுக்கப்பட்டது இந்த வெல்ச்சில்தான். பதினைந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு 95 டாலர். அறுபது வருடம் கழிந்தும் கடைவாசலில் அதே கவலை. கிம்பல் ஊரில் 2005-இல் திறந்த வால்மார்ட் 2016-இல் மூடப்பட்டது. வேலை போனது, காய்கறியும் போனது. எஞ்சியவை ஒன்றிரண்டு மளிகைக் கடைகளும், டப்பா உணவு விற்கும் டாலர் கடைகளும். ஒரு பாட்டியிடம் கீரை சாப்பிடச் சொன்னேன். "ஹனி, அதுக்கு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டணும். பேரன் ஓட்டுவான், அவனுக்கு வண்டி இல்லை" என்றார். அதற்குப் பிறகு டப்பா பீன்ஸை இரண்டு தடவை தண்ணீரில் அலசினால் உப்பு குறையும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அது நடக்கக்கூடிய காரியம்.

2010 கணக்குப்படி இங்கே ஆண்களின் சராசரி ஆயுள் சுமார் 64. அதே அமெரிக்காவில், வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் சுமார் 82. நடுவே ஐந்தாறு மணி நேரக் கார்ப் பயணம், அவ்வளவுதான். போதை மாத்திரை, இதய நோய், சர்க்கரை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. நான் சொல்ல வந்தது நுரையீரல்.

வந்த புதிதில் அறுபது வயதுக்காரர் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். இருபது வருடம் புகைத்தவர். வேலை என்ற இடத்தில் 'ஓய்வு' என்று எழுதினேன். 'புகைப்பழக்கத்தால் வந்த சிஓபிடி' (மூச்சுக்குழாய் அடைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று ஒரு வரி போட்டு, இன்ஹேலர் கொடுத்து அனுப்பினேன். மருந்தில் தப்பில்லை. தப்பு அந்த வரியில். சில மாதம் கழித்து அவர், சுரங்கத் தூசியால் வரும் 'கறுப்பு நுரையீரல்' நோய்க்கான உதவித்தொகைக்கு மனுப் போட்டபோது, கம்பெனி வக்கீல் முதலில் தூக்கிக் காட்டியது என் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தைத்தான். டாக்டரே புகையால் வந்தது என்று எழுதிவிட்டாரே!

தொகை ஒன்றும் பெரிதில்லை. தனி ஆளுக்கு மாதம் 700, 800 டாலர் அளவுதான், கூடவே நுரையீரல் சிகிச்சைச் செலவு. ஆனால் இந்த ஊர் வருமானத்தில் அது வீட்டுக் கூரை.

சட்டம் இப்படி: நிலத்தடியில் 15 வருடம் வேலை பார்த்திருந்து, பழைய சுரங்க வேலையைச் செய்ய முடியாத அளவு நுரையீரல் கெட்டிருந்தால், நோய் சுரங்கத்தால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. இடையில் கைவிடப்பட்டிருந்த இந்த விதி 2010-இல் திரும்ப வந்தது. புகைத்தவர் என்பதற்காக அந்த உரிமை போய்விடாது. புகையும் தூசியும் ஒரே நுரையீரலைச் சேர்ந்து கெடுக்கலாம், அதை எழுதவும் செய்யலாம்.

இது தாத்தா காலத்து நோய் என்றுதான் நானும் படித்திருந்தேன். 78 பேர் இறந்த ஃபார்மிங்டன் சுரங்க விபத்துக்குப் பிறகு 1969-இல் தூசிக்குக் கட்டுப்பாடு வந்து, நோய் வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் 2018-இல் வந்த ஆய்வில், பக்கத்து வெர்ஜீனியாவின் மூன்றே கிளினிக்குகளில் முற்றிய நிலை நோயாளிகள் 416 பேர். இந்த மலைப்பகுதியான நடு அப்பலேச்சியாவில் 25 வருடத்துக்கு மேல் சுரங்கத்தில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக அதே வருடம் இன்னொரு ஆய்வு சொன்னது. தடித்த கரிப் படிவம் தீர்ந்துவிட்டது. மெல்லிய படிவத்தை வெட்ட மேலும் கீழும் பாறையையும் சேர்த்து வெட்டுகிறார்கள். பாறையில் இருப்பது சிலிக்கா, கரித்தூளைவிடப் பல மடங்கு மோசம். நாற்பது வயதுக்காரர்களின் எக்ஸ்ரேயிலும் பெரிய வடுக்கள் தெரிகின்றன.

அதனால் 'சுரங்க வேலையா?' என்ற கேள்வி போதாது. ரூஃப் போல்ட்டரா என்று கேளுங்கள். மேற்கூரை விழாமல் பாறையில் துளை போட்டுக் கம்பி இறுக்குகிறவர் அவர், சிலிக்கா நேராக அவர் முகத்தில். கரி வெட்டும் இயந்திரத்தை ஓட்டினாரா, எத்தனை வருடம், எந்தச் சுரங்கம்? எல்லாவற்றையும் எழுதுங்கள். எக்ஸ்ரேயைத் தூசி நோய்க்கென்று தேர்வு எழுதித் தேறிய 'பி ரீடர்' பார்க்கட்டும். வேலையில் இருப்பவர்களுக்கும் பழைய தொழிலாளிகளுக்கும் நியாஷ் என்ற மத்திய அரசின் தொழிலாளர் உடல்நல ஆய்வு நிறுவனத்தின் வண்டி ஊர் ஊராக வந்து இலவசமாகப் படம் எடுக்கிறது. பலர் போவதில்லை. ரிசல்ட் கம்பெனிக்குத் தெரிந்து வேலை போய்விடுமோ என்ற பயம். அது ரகசியமாக வைக்கப்படும் என்று டாக்டர் வாயால் கேட்டால் சிலராவது போகிறார்கள்.

அந்த அறுபது வயதுக்காரரை மறுபடி கூப்பிட்டேன். குறிப்பில் விட்டுப்போனதைச் சேர்த்து எழுத வேண்டும், பழைய காகிதம் எதுவும் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றேன். பிஸ்கட் டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே துருப்பிடித்த கிளிப் போட்ட சம்பளச் சீட்டுகள், ஆறு கம்பெனி பெயரில். அதில் நான்கு இன்று கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் நர்ஸும் அவற்றை மேஜையில் பரப்பி வருடங்களைக் கூட்டினோம். நடுவில் இரண்டு தடவை எண்ணிக்கை தப்பியது. அவர் மூச்சு வாங்க வாங்க, "டாக், 84-ஐ விட்டுட்டீங்க" என்றார். அதையும் சேர்த்ததும் 22 வந்தது.