பிரஷர் இருக்கிறது என்று உட்கார வைத்துவிடாதீர்கள்

போன வாரம் 71 வயது அம்மா ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பக்கவாதமில்லை, எலும்பு முறிவுமில்லை. மூன்று வருடத்துக்கு முன் பிரஷர் என்று தெரிந்த நாளிலிருந்து, "நீங்க ஒண்ணும் செய்யாதீங்கம்மா, உட்காருங்க" என்று மகன் சொல்லி வந்திருக்கிறார். பாசம்தான். எழச் சொன்னேன். இரு கைகளையும் ஊன்றி மூன்றாவது முயற்சியில்தான் எழுந்தார். தொடைச் சதை வற்றிப்போயிருந்தது. இந்த மாதம் இப்படி வரும் நான்காவது ஆள் இவர். பிசியோதெரபிஸ்டாக எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

"நடந்தா பிரஷர் ஏறுமே?" என்றார் மகன். ஏறும். நடக்கும்போது மேல் அளவு (120/80 என்றால் அந்த 120) ஏறத்தான் வேண்டும். வேலை செய்யும் தசைக்கு ரத்தம் போக வேண்டாமா? நடந்து ஓய்ந்த பிறகு அது முன்பிருந்ததைவிடக் கீழே இறங்கி, சில மணி நேரம் அப்படியே இருக்கும். வாரக்கணக்கில் விடாமல் நடந்தால் ஓய்வில் பார்க்கும் மேல் அளவே 5 முதல் 8 வரை குறையலாம். நடந்து வந்த சூட்டோடு கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நடையை நிறுத்துகிறவர்களே அதிகம். அரை மணி நேரம் போகட்டும். அப்புறம் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள்.

வாரத்துக்கு 150 நிமிட நடை போதும், பத்துப் பத்து நிமிடமாகவும் பிரித்துக்கொள்ளலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நாடியை எண்ணாதீர்கள், சில பிரஷர் மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது. மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கவே கூடாது. சட்டென நிற்காமல் வேகத்தை மெல்லக் குறையுங்கள், இல்லாவிட்டால் தலை சுற்றும். ஓய்விலேயே 180/110-க்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் பேசுங்கள். நெஞ்சில் அழுத்தம் வந்தால் உடனே மருத்துவமனை. தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அந்த அம்மா பிரஷர் அளவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ராத்திரி பாத்ரூம் போக மருமகளை எழுப்ப வேண்டியிருக்கு" என்றார், குரலைத் தாழ்த்தி. காலையும் மாலையும் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். மகன் பக்கத்தில் நிற்கலாம், தூக்கிவிடக் கூடாது.